அகச்சிவப்புக்கு வழிவிடும் மின்கடத்திப் படலங்கள்

செல்போன் தொடுதிரைகளிலும் டிவி திரைகளிலும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருள் மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. படலத்தின் தடிமன் பெரும்பாலும் 100 நானோமீட்டர் அளவில்தான் இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும் இதே படலத்தை ஒரு வெப்பக் கேமராவின் முன்கண்ணாடியில் பூசினால் கேமராவுக்கு எதுவுமே தெரியாது. கண்ணுக்குப் புலப்படும் ஒளிக்குக் கண்ணாடியாக இருப்பது அகச்சிவப்புக் கதிருக்கு ஏறத்தாழ உலோகத் தகடாக மாறிவிடுகிறது. மின்சாரத்தைக் கடத்தவும் வேண்டும், அகச்சிவப்பையும் உள்ளே விட வேண்டும் என்றால் வேறு பொருளைத் தேட வேண்டும். இந்தத் தேடல் பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

புலப்படும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. அதற்கு அப்பால் அகச்சிவப்பு தொடங்குகிறது. ஃபைபர் கேபிளில் இணையத் தகவலைச் சுமப்பது 1.31, 1.55 மைக்ரான் ஒளி. சூடான எஞ்சின்களையும் வாயுக் கசிவுகளையும் காட்டும் கேமராக்கள் 3 முதல் 5 மைக்ரான் வரையில் பார்க்கின்றன. மனித உடல் வெளியிடும் வெப்பக் கதிர்வீச்சு 9 மைக்ரானைச் சற்றுத் தாண்டி உச்சம் அடைகிறது. அதைப் பிடிக்கும் கேமராக்கள் 8 முதல் 12 மைக்ரான் வரை பார்க்கின்றன. இந்த இரண்டு பட்டைகளும் மனிதர்கள் விரும்பித் தேர்ந்தவை அல்ல. இடைப்பட்ட கதிர்களைக் காற்றிலுள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் விழுங்கிவிடுவதால், வளிமண்டலம் திறந்து வைத்திருக்கும் ஜன்னல்கள் இவைதான்.

இந்தப் பட்டைகளில் இயங்கும் கருவிகளுக்கு மின்கடத்தும் ஜன்னல் எதற்கு? விமானத்தில் பொருத்திய அகச்சிவப்புக் கேமராவின் ஜன்னல் வழியாக ரேடாரின் நுண்ணலைகளும் உள்ளே புகுந்து மின்னணுச் சுற்றுகளைக் குழப்பும். ஜன்னல் மின்சாரத்தைக் கடத்தினால் அந்த அலைகள் வெளியிலேயே திருப்பப்படும். பனி படியும் ஜன்னலில் மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கலாம். இரண்டாம் உலகப் போரிலேயே விமான முன்கண்ணாடிகளை டின் ஆக்சைடு படலத்தால் இப்படிச் சூடாக்கினார்கள். அகச்சிவப்பு உணரிகளுக்கும், ஒளியைத் திருப்பிவிடும் திரவப் படிகக் கருவிகளுக்கும் ஒளிபுகும் மின்முனை தேவை. சிலிக்கான் சூரிய மின்கலம் 1.1 மைக்ரான் வரையுள்ள ஒளியைப் பயன்படுத்துவதால், அதன் மேற்படலம் அருகு அகச்சிவப்பை வீணாக்கக் கூடாது.

ஒளிபுகும் மின்கடத்தி என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. 1907-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் பேடேக்கர், காட்மியம் உலோகத்தை மெல்லிய படலமாகப் படியவைத்து, அதைக் காற்றில் சூடாக்கிக் காட்மியம் ஆக்சைடாக மாற்றினார். ஒளியை ஊடுருவவிட்ட அந்தப் படலம் மின்சாரத்தையும் கடத்தியது. உலகப் பயணிகள் கையில் வைத்துத் திரிந்த புகழ்பெற்ற பேடேக்கர் பயண வழிகாட்டிகளைத் தொடங்கியவரின் பேரன் இவர். முதல் உலகப் போரின் தொடக்கத்திலேயே, 1914-ல், போர்க்களத்தில் இறந்தார். அவர் தொட்ட காட்மியம் ஆக்சைடு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அகச்சிவப்புத் துறையில் முன்வரிசைக்கு வந்தது.

எலக்ட்ரான் செய்யும் இரண்டு வேலைகள்

ஒரு பொருளில் தங்கு தடையின்றித் திரியும் எலக்ட்ரான்கள் இருந்தால்தான் மின்சாரம் பாயும். ஒளியும் ஒரு மின்காந்த அலைதான். அதன் மின்புலம் மாறி மாறித் தள்ளும்போது அதே எலக்ட்ரான்கள் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் ஒளியை எதிரொளிக்கவும் உட்கவரவும் செய்கிறது. ஆக, மின்சாரத்துக்கு உதவும் எலக்ட்ரானே ஒளிக்கு எதிரி.

ஆனால் எலக்ட்ரானுக்கும் நிறை உண்டு. ஊஞ்சலை நிதானமாகத் தள்ளினால் கூடவே வரும், படபடவென்று முன்னும் பின்னும் உலுக்கினால் இருந்த இடத்தில் லேசாக நடுங்கும். எலக்ட்ரான் கூட்டமும் இப்படித்தான். ஒளியின் அதிர்வு வேகமாக இருந்தால் எலக்ட்ரான்களால் ஈடுகொடுக்க முடியாது, ஒளி கடந்துவிடும். அதிர்வு மெதுவானால் அவை கூடவே ஆடி ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையைப் பிளாஸ்மா அதிர்வெண் என்பார்கள். உலோகங்களில் எலக்ட்ரான்கள் ஒரு வாயுவைப் போல இயங்குவதாகக் கொண்டு 1900-ல் பால் ட்ரூட் உருவாக்கிய எளிய கோட்பாடு இந்த எல்லையைக் கணக்கிட இன்றும் போதுமானதாக இருக்கிறது.

இண்டியம் டின் ஆக்சைடில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10²¹ எலக்ட்ரான்கள் வரை ஏற்றலாம். அப்போது எல்லை 1.2 மைக்ரானை ஒட்டி அமைகிறது. அதற்குக் கீழே கண்ணாடி, மேலே கண்ணாடியின் பின்புறம் பூசிய ரசம். குளிர்நாடுகளில் வீட்டுக்குள்ளிருக்கும் வெப்பம் ஜன்னல் வழியே கதிர்வீச்சாக வெளியேறாமல் தடுக்க, டின் ஆக்சைடு பூசிய கண்ணாடியைப் பயன்படுத்துவது இந்தப் பண்பை நம்பித்தான். அங்கே வரமாக இருப்பது கேமரா ஜன்னலில் சாபமாகிறது.

எளிய வழி ஒன்று உடனே தோன்றும்: எலக்ட்ரான்களைக் குறைத்துவிடலாமே? நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் எல்லை பத்து மடங்கு தள்ளிப்போய் 12 மைக்ரானைத் தொடும். ஆனால் கடத்துத்திறனும் நூறில் ஒரு பங்காகிவிடும். 100 நானோமீட்டர் படலத்தின் மின்தடை 15 ஓமிலிருந்து 1,500 ஓமாக ஏறும். இந்த ஓம் கணக்கு, சதுரமாக வெட்டிய படலத்தின் ஓர் ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை அளந்தது. சதுரம் தபால்தலை அளவாக இருந்தாலும் மேசை அளவாக இருந்தாலும் மதிப்பு ஒன்றுதான். படலத்தை மெலிதாக்குவதும் இதே பேரம்தான். ஒளி கூடும், தடையும் கூடும்.

உண்மையில், அலைநீளத்தைவிட மிக மெல்லிய படலத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வியப்பான முடிவு கிடைக்கிறது. படலத்தின் தடை இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், அதன் பிறகு எலக்ட்ரான்களின் எண்ணிக்கை முதன்மையான காரணியாக இருப்பதில்லை. ஓர் எலக்ட்ரான் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இடையூறின்றி ஓடுகிறது என்பதுதான் ஊடுருவும் ஒளியின் அளவைத் தீர்மானிக்கிறது. அடிக்கடி மோதும் எலக்ட்ரான் நேர் மின்னோட்டத்துக்கும் அகச்சிவப்புக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். நீண்ட நேரம் மோதாமல் ஓடும் எலக்ட்ரான்தான் இரண்டையும் வேறுபடுத்தும். மின்கடத்தியின் வடிவமைப்பு என்றாலே எலக்ட்ரான்களைக் கூட்டுவது என்று பழகிய கைகளுக்கு இது புதிய பாடம்.

மோதல்களைக் குறைக்கும் கலை

எலக்ட்ரான் எவ்வளவு சுலபமாக நகர்கிறது என்பதற்கான அளவை இயக்க எண் என்பார்கள். இண்டியம் டின் ஆக்சைடில் அது வழக்கமாக 30 முதல் 50 சதுர சென்டிமீட்டர்/வோல்ட்-வினாடி. ஏன் இவ்வளவு குறைவு? இண்டியம் அணு இருக்க வேண்டிய இடத்தில் டின் அணுவைப் புகுத்தும்போது அது ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு நேர் மின்னூட்டத்துடன் அங்கேயே நிற்கிறது. பக்கத்தில் போகும் எலக்ட்ரான்களையெல்லாம் அது இழுத்துத் திசை திருப்புகிறது. எலக்ட்ரான் கூட, இந்தத் தடைக்கற்களும் கூடும்.

2001-ல் சீன ஆய்வாளர்கள் டின்னுக்குப் பதிலாக மாலிப்டினத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். இயக்க எண் 100-ஐ எட்டியது. மாலிப்டினம் ஒரே அணுவாக மூன்று எலக்ட்ரான்களைத் தருவதால் தடைக்கற்கள் குறைகின்றன என்பதுதான் முதலில் சொல்லப்பட்ட காரணம். பின்னர் வந்த ஆய்வுகள் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. டின்னின் எலக்ட்ரான் நிலைகள், இண்டியம் ஆக்சைடில் எலக்ட்ரான்கள் திரியும் ஆற்றல் நிலைகளான கடத்தும் பட்டையோடு கலந்து அதைக் கெடுக்கின்றன, எலக்ட்ரான்கள் கனமானவை போல நடந்துகொள்கின்றன. மாலிப்டினத்தின் நிலைகள் அப்படிக் கலப்பதில்லை. முடிவு சரியாக வந்து காரணம் தவறாக இருந்த கதைகள் பொருள் அறிவியலில் ஏராளம். 2007-ல் ஜப்பானில் ஹைட்ரஜன் சேர்த்த இண்டியம் ஆக்சைடு படலங்கள் உருவாக்கப்பட்டன. முதலில் ஒழுங்கற்ற நிலையில் படியவைத்து, பிறகு மிதமான வெப்பத்தில் படிகமாக்கும் முறை அது. அதிலும் இயக்க எண் 100-ஐத் தாண்டியது. சிலிக்கான் சூரிய மின்கல ஆய்வுகளில் இந்தப் படலம் நல்ல பெயர் பெற்றிருக்கிறது.

ஆனால் பெரிய தாவல் காட்மியம் ஆக்சைடில்தான் நிகழ்ந்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் அதில் டிஸ்புரோசியம் என்ற அரிய மண் தனிமத்தைச் சேர்த்தபோது இயக்க எண் 500 வரை உயர்ந்தது. மாசு சேர்த்தால் இயக்க எண் குறைய வேண்டும், இங்கே கூடியது. தூய காட்மியம் ஆக்சைடில் ஆக்சிஜன் அணுக்கள் விட்டுப்போன வெற்றிடங்கள் இயல்பாகவே நிறைய உண்டு. ஒவ்வொன்றும் இரட்டை மின்னூட்டத்துடன் எலக்ட்ரான்களைச் சிதறடிக்கும். டிஸ்புரோசியம் எலக்ட்ரான்களைத் தரும்போது படிகத்துக்கு அந்த வெற்றிடங்களை உருவாக்குவது ஆற்றல் கணக்கில் கட்டுப்படியாகாமல் போகிறது. ஒரு குறையை விலையாகக் கொடுத்துப் பெரிய குறையை வெளியேற்றிய கணக்கு இது.

இதன் பலனை எண்ணில் பார்க்கலாம். 15 ஓம் தடையுள்ள இரண்டு படலங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று இயக்க எண் 40 உள்ள இண்டியம் டின் ஆக்சைடு, மற்றொன்று இயக்க எண் 400 உள்ள காட்மியம் ஆக்சைடு. ட்ரூட் கோட்பாட்டின் எளிய கணக்குப்படி 4 மைக்ரான் ஒளியில் முதல் படலம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே விடும். இரண்டாவது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விடும். 10 மைக்ரானில் முதலாவது நூற்றுக்கு இரண்டு அளவில் நின்றுவிட, இரண்டாவது கால் பங்குக்குச் சற்று மேல் விடும். மின்சாரத்துக்கு இரண்டும் ஒன்றே. அகச்சிவப்புக்கு இரண்டும் வெவ்வேறு பொருள்கள். காட்மியம் நச்சுத்தன்மை உள்ளது என்பதையும், இந்தச் சிறப்பு மக்னீசியம் ஆக்சைடு போன்ற ஒற்றைப் படிகத்தின் மேல் கவனமாக வளர்த்த படலங்களில் கிடைத்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கண்ணுக்குக் கறுப்பு, கேமராவுக்குத் தெளிவு

அகச்சிவப்பு ஒரு சலுகையையும் தருகிறது. புலப்படும் ஒளியை விட வேண்டிய பொருளில், பிணைந்த எலக்ட்ரானைக் கடத்தும் பட்டைக்கு எழுப்பத் தேவையான ஆற்றல் இடைவெளி 3 எலக்ட்ரான்-வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். 10 மைக்ரான் ஒளித்துகளின் ஆற்றலோ 0.12 எலக்ட்ரான்-வோல்ட் மட்டுமே. ஆகவே, கண்ணுக்கு உலோகம் போலத் தெரியும் குறைகடத்திகளும் போட்டிக்கு வரலாம். வெப்பக் கேமராவின் லென்சே பெரும்பாலும் ஜெர்மானியத்தால் ஆனது. பார்வைக்கு அது சாம்பல் நிற உலோகத் துண்டு. காலியம் ஆர்சனைடு, இண்டியம் ஆர்சனைடு ஆகியவற்றில் எலக்ட்ரான்கள் ஆக்சைடுகளைவிட மிக விரைவாக ஓடுகின்றன. இண்டியம் ஆன்டிமனைடில் இன்னொரு வசதியும் உண்டு: எலக்ட்ரான்களை ஏற்ற ஏற்றக் கடத்தும் பட்டையின் அடிப்பகுதி நிரம்பிவிடுவதால், ஒளி உட்கவரப்படத் தேவையான ஆற்றல் கூடிக்கொண்டே போகிறது. பர்ஸ்டீனும் மாஸும் 1954-ல் விளக்கிய விளைவு இது. சிறிய உணரிக்கு இத்தகைய படிகங்கள் அருமையானவை. உள்ளங்கை அகல வளைந்த ஜன்னலின் மேல் அவற்றைப் படிகமாக வளர்ப்பது வேறு விஷயம்.

ஜெர்மானியம் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. அறை வெப்பநிலையில் தெளிவாக இருக்கும் அந்த லென்சு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அகச்சிவப்பை ஏறத்தாழ அடைத்துவிடும். வெப்பம் எழுப்பிவிடும் எலக்ட்ரான்களும், அவை விட்டுச்சென்ற காலியிடங்களான துளைகளும்தான் காரணம், அதிலும் துளைகளின் பங்கு அதிகம். அதனால்தான் கடத்தும் ஜெர்மானிய ஜன்னல் செய்ய விரும்புவோர் துளைகளை விட்டுவிட்டு எலக்ட்ரான் மிகுந்த வகையையே நாடுகிறார்கள்.

எலக்ட்ரான்கள் வாயுவைப் போலத் திரிய வேண்டும் என்ற நிபந்தனையையே கைவிட்ட வழி ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகத்தில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிக்கல் கோபால்ட் ஆக்சைடு படலங்கள் ஆராயப்பட்டன. ஸ்பினல் என்ற படிக அமைப்பு கொண்ட இதில் மின்சாரத்தைச் சுமப்பவை துளைகள். சுற்றியுள்ள அணுக்களைச் சற்று நெளித்துக்கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்து, அங்கிருந்து அடுத்த உலோக அணுவுக்குத் தாவித் தாவி அவை நகர்கின்றன. இப்படித் தாவும் மின்னூட்டம் சுதந்திர எலக்ட்ரான் கூட்டம் போல ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை. படலம் பார்வைக்குக் கருமையானது, தொடுதிரைக்கு உதவாது. அகச்சிவப்பில் அது குறையே அல்ல. தாவல் மெதுவானது என்பதால் தடை, இண்டியம் டின் ஆக்சைடைவிட அதிகம் என்பதுதான் விலை. துளைகளால் கடத்தும் ஒளிபுகு ஆக்சைடு சாத்தியம் என்பதை 1997-ல் ஹிதெயோ ஹோசோனோ குழுவினர் செம்பு அலுமினியம் ஆக்சைடில் காட்டிய பிறகே இந்தப் பக்கம் பலரின் பார்வை திரும்பியது.

எலக்ட்ரான்களைச் சரிசெய்துவிட்டாலும் அணுக்கள் எஞ்சியிருக்கின்றன. படிகத்தில் பிணைந்த அணுக்கள் தமக்கே உரிய அதிர்வுகளில் அகச்சிவப்பை விழுங்கும். சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பு 9 மைக்ரானுக்கு அருகே உட்கவர்வதால் சாதாரணக் கண்ணாடி வெப்பக் கேமராவுக்குச் சுவர். நீலக்கல் படிகம்கூட 5 மைக்ரானை ஒட்டி மங்கத் தொடங்கும். அணுக்கள் கனமாகவும் பிணைப்பு தளர்வாகவும் இருந்தால் அதிர்வு மெதுவாகி, உட்கவர்தல் நீண்ட அலைநீளத்துக்கு ஒதுங்கிப் போகும். துத்தநாக செலினைடு 20 மைக்ரான் அருகே வரை தெளிவாக இருப்பது இதனால்தான். துளைகளால் கடத்தும் செம்பு அயோடைடையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். அயோடின் அணு ஆக்சிஜனைப் போல எட்டு மடங்கு கனம். செம்பு அயோடைடையும் அயோடின் ஆவியில் வைத்து மின்கடத்தியாக்கியவர் அதே பேடேக்கர்தான்.

தடிமனே இல்லாத பொருள்களும் பட்டியலில் உண்டு. ஒற்றை அணு அடுக்கான கிராஃபீன் புலப்படும் ஒளியில் 2.3 சதவீதத்தை மட்டும் உட்கவரும் என்பது 2008-ல் அளக்கப்பட்டது. ஒரே அடுக்கின் தடை நூற்றுக்கணக்கான ஓம்களுக்குக் கீழே இறங்க மறுப்பதுதான் சிக்கல். கார்பன் நானோகுழாய்களைப் பின்னிய படலங்கள் 2 முதல் 5 மைக்ரான் வரை நன்றாக வழிவிடுவதை 2004-ல் காட்டினார்கள். பிஸ்மத் செலினைடின் மெல்லிய தகடுகள் அருகு அகச்சிவப்புக்கு ஏற்ற, வளையக்கூடிய மின்முனைகளாகும் என்று 2012-ல் சீனாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது.

படியவைப்பதும் பொருத்துவதும்

பெரும்பாலான ஆக்சைடு படலங்கள் ஸ்பட்டரிங் முறையில் உருவாகின்றன. வெற்றிட அறையில் ஆர்கான் அயனிகள் ஒரு மூலத்தகட்டை மோதி அணுக்களைப் பெயர்த்தெடுக்க, அவை எதிரேயுள்ள ஜன்னலில் படிகின்றன. அறைக்குள் விடும் ஆக்சிஜனின் அளவில் சிறு மாற்றம் வந்தாலும் படலத்தின் எலக்ட்ரான் எண்ணிக்கை பல மடங்கு மாறிவிடும். கரைசலிலிருந்து பூசுவது மலிவு. ஆனால் மிச்சமிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் 3 மைக்ரானுக்கு அருகே ஒளியை விழுங்கும். ஆகவே சூடாக்கி விரட்டியாக வேண்டும்.

படலத்தை மட்டும் தனியாக எண்ணி வடிவமைக்கவும் முடியாது. ஜெர்மானியத்தின் ஒளிவிலகல் எண் 4. பூச்சு இல்லாவிட்டால் ஒவ்வொரு பரப்பிலும் 36 சதவீத ஒளி திரும்பிவிடும். எனவே எதிரொளிப்பைக் குறைக்கும் அடுக்குகள் எப்படியும் வேண்டும். கடத்தும் படலத்தை அந்த அடுக்குகளில் ஒன்றாகவே வைத்துத் தடிமன்களைக் கணக்கிடுவது நடைமுறை. வெளிப்புற அடுக்காக வைத்தால் மணலும் மழையும் தேய்க்கும், உள்ளே வைத்தால் விளிம்பில் மின் இணைப்பு கொடுப்பது கடினம்.

விமான ஜன்னல் போன்ற பெரிய பரப்புகளில் படலத்துக்குப் போட்டியாக நிற்பது உலோக வலை. மைக்ரோவேவ் அடுப்பின் கதவிலுள்ள துளைத் தகடு செய்யும் அதே வேலைதான்: சென்டிமீட்டர் அலைகளை நிறுத்தி, குறுகிய அலைகளை விடுவது. 5 மைக்ரான் அகலத் தங்கக் கோடுகளை 200 மைக்ரான் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் போட்டால் 95 சதவீதப் பரப்பு திறந்திருக்கும். எந்த அகச்சிவப்புப் பட்டையானாலும் வலைக்குக் கவலையில்லை. ஆனால் கடக்கும் ஒளி முழுவதும் நேராகப் போவதில்லை. ஏறத்தாழ 90 சதவீதம் நேராகவும் 5 சதவீதம் விளிம்பு விளைவால் பக்கவாட்டிலும் செல்லும். பிரகாசமான பொருளைப் பார்க்கும்போது அந்த 5 சதவீதம் பொய்ப் பிம்பங்களாகத் தெரியும். கோடுகளை வட்டங்களாகவும் ஒழுங்கற்ற கட்டங்களாகவும் மாற்றி அந்தப் பிம்பங்களைப் பரவலாக்கி மங்கச் செய்கிறார்கள்.

நுண்ணலையைத் தடுக்கும் வேலைக்குத் தடை குறைவாக இருந்தாக வேண்டும். 10 ஓம் படலம் நுண்ணலையை நானூறில் ஒரு பங்காகக் குறைக்கும். 190 ஓம் படலம் கால் பங்கை உள்ளே விட்டுவிடும். இதனால் நீண்ட அகச்சிவப்பு ஜன்னல்களில் வலை முந்துகிறது. திரவப் படிகக் கருவியின் கதை வேறு. அங்கே மின்புலம் பரப்பு முழுவதும் சீராக இருக்க வேண்டும், வலையின் கண்களுக்கு நடுவே அது தொய்ந்துவிடும். பாயும் மின்னோட்டமோ மிகச் சொற்பம். ஆயிரம் ஓம் தடைகூடத் தாங்கும். எலக்ட்ரான்களைக் குறைத்த, அகச்சிவப்புக்கு நன்றாகத் திறந்த ஆக்சைடு படலம் அந்த இடத்துக்கு இன்றே போதுமானது.